விருந்தாளி அறையில் பதினெட்டு டிகிரி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நர்ஸ் மாரிவிக் வந்தாள். வந்தவள் மேல்கோட்டைக் கழற்றவில்லை. ரோனா கெடிஸின் படுக்கையறைச் சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைக் கருவியை ஒட்டிவிட்டு ஐந்து நிமிஷம் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அதில் தெரிந்த எண்ணைப் படித்தாள்.

"பத்து," என்றாள்.

"பத்தா? அப்ப இன்னைக்குப் பரவாயில்ல," என்றாள் ரோனா. "நேத்தெல்லாம் வாயத் திறந்தாலே புகை வந்துச்சு."

பெருமையாகத்தான் சொன்னாள். மாரிவிக் சிரிக்கவில்லை.

"மிஸஸ் கெடிஸ், நான் சொல்றத உக்காந்து கேளுங்க. உங்க வீட்டுக்காரர் நுரையீரல்ல சளி கட்டி பன்னெண்டு நாளா எங்க ஆஸ்பத்திரியில இருக்காரு. தேறிட்டாரு, இல்லன்னு சொல்லல. ஆனா இந்த ரூமுக்கு அனுப்பினா பத்தே நாள்ல திரும்பி வருவாரு. அப்ப நடந்து வர மாட்டாரு. டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அவர் படுக்கிற ரூம் பதினெட்டு டிகிரி இருக்கணும். ராத்திரி முழுக்க, விடிஞ்ச பிறகும்."

"இல்லன்னா?"

"இன்வர்கார்கில்ல முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்கு. குளிர் முடியற வரைக்கும் அங்க. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணுமா வேண்டாமான்னு அவங்களுக்குச் சொல்லியாகணும். வியாழன் ஒன்பது மணிக்கு வந்து பாக்கறேன்."

குளிர் முடியும் வரைக்கும்! அவள் புருஷன் மர்டோவின் அண்ணனும் அப்படித்தான் "குளிர்காலத்துக்கு மட்டும்" என்று ஒரு பெட்டியோடு அந்த மாதிரி இடத்துக்குப் போனான். வசந்தம் வந்தது, ஆட்டுக்குட்டிகள் எல்லாம் பிறந்து துள்ளின, அவன் மட்டும் வரவில்லை. அந்தச் சாவு வீட்டில் மர்டோ ரோனாவின் காதில் சொன்ன ஒரே வார்த்தை, "என்ன அங்க மட்டும் விட்டுடாத" என்பதுதான்.

இந்த இடத்தில் ரோனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிளென்டாரா ஊரில் இவளைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கத்தி பிடித்தவள். அந்தக் கூடத்தில் ஏழு டிகிரிக்கு மேல் ஏறவே விடமாட்டார்கள், ஏறினால் கறி கெட்டுப்போகும். அங்கே கெடாமல் இருந்த கறியோடு ரோனாவும் கெடாமல் இருந்தாள். அறுபத்து மூன்று வயதுக்கு ஒரு தும்மல் கிடையாது. யாராவது குளிருகிறது என்று அவளிடம் சொன்னால் பதில் ஒன்றே ஒன்றுதான்: "இன்னொரு ஸ்வெட்டர் போடு." காய்ச்சல்காரனுக்கும் அதே பதில், கைக்குழந்தைக்கும் அதே பதில். அவள் தாயும் அப்படித்தான் சொன்னாள். பூமியின் தென்கோடியில், ஜூன் ஜூலையில் குளிர் கொட்டுகிற அந்த மூலையில் பிறந்தவர்களுக்குக் குளிர் தாங்குவது ஒரு குலப்பெருமை. இந்தப் பெருமையால் அங்கே செத்தவர்கள் கணக்கை யாரும் எடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஏப்ரலில் மின்கட்டணம் ஏறியது. ஜூனில் மறுபடியும் ஏறியது. தொழிற்சாலை மே கடைசியில் மூடினால் செப்டம்பரில்தான் திறக்கும். சம்பளம் நிற்கிற மாசமும் மின்சாரம் குடிக்கிற மாசமும் ஒன்றாக வந்து தொலைவது அந்த ஊர்க்காரர்களின் தலையெழுத்து. இரண்டாவது கடிதம் வந்த அன்றைக்கு ரோனா படுக்கையறை ஹீட்டரின் வயரைப் பிடுங்கி, சுருட்டி, ஹீட்டரை அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டாள். மர்டோ பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "குளிருதா?" என்று கேட்டபோதெல்லாம் "சேச்சே" என்றான். வாழ்நாள் முழுக்கப் பனிக்கட்டி மேல் அரைக்கால் சட்டையோடு நின்று பண்ணைகளுக்கு வேலி போட்டவன் வேறு என்ன சொல்வான்? சொல்லாமலே இருமினான். இருமி இருமி ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான்.

நர்ஸின் கார் தெரு முனையைத் தாண்டியதும் ரோனா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவனைப் படுக்கையில் தள்ளியது சளி இல்லை, நான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு நிமிஷம் அழுதாள். இரண்டாவது நிமிஷம் நாற்காலியைப் போட்டு ஏறி ஹீட்டரை இறக்கினாள். அவள் அப்படிப்பட்ட பிறவி.

அன்று மத்தியானமே இன்னொரு ஹீட்டரை எதிர்வீட்டிலிருந்து வாங்கி வந்து இரண்டையும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் வைத்து முழு வேகத்தில் முடுக்கிவிட்டாள். மீட்டர் கிறுகிறுவென்று சுற்றியது. சுற்றட்டும் என்று விட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் ஓடிப்போய் எண்ணைப் பார்த்தாள். பதினாலு.

இரண்டு ஹீட்டர், பதினெட்டு மணி நேரம், வெறும் நாலு டிகிரி! ரோனா அந்தக் கருவியை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். அப்போதும் பதினாலு.

எதிர்வீட்டு நைரி டீப்பா தன் ஹீட்டரைத் திரும்ப வாங்கிப் போக வந்தவள் வாசலிலேயே நின்று சிரிக்க ஆரம்பித்தாள். நைரி இருபது வருஷம் ரோனாவுக்குப் பக்கத்துக் கத்தி. அந்த மண்ணின் ஆதிக்குடியான மவோரிப் பெண். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். உள்ளே வந்து, விரலை நாக்கில் நனைத்து ஜன்னல் சட்டத்தின் ஓரமாகப் பிடித்தாள், பிறகு கதவிடுக்கில், பிறகு தரைப் பலகைகளின் நடுவில்.

"ரோனா, உனக்கு ரொம்பப் பெரிய மனசுடி," என்றாள்.

"ஏன்?"

"பின்ன? மேய்ச்சல் காட்டுல நிக்கிற ஆட்டுக்கெல்லாம் உன் காசுல ஹீட்டர் போட்டுட்டு இருக்கியே. சூடு மொத்தமும் இந்தப் பக்கம் போவுது பாரு."

"கேலி பண்ணாத நைரி. வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பதினெட்டு காட்டலைன்னா அவன அந்த இல்லத்துக்குக் கொண்டு போயிடுவாங்க."

நைரியின் சிரிப்பு சட்டென்று நின்றது. "மர்டோவையா? விட்டுடுவமா?" என்றாள். முழங்கை வரை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தாள். சமையலறைக்குள் போனாள், அங்கே இரும்புக் கணப்பு அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்த கதவு பூட்டிக் கிடந்தது. "இத திற," என்றாள்.

"அது விருந்தாளி ரூம்."

"தெரியும். திற."

ரோனா அரை மனசோடு சாவியை எடுத்து வந்து திறந்தாள். திறந்ததும் இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். வடக்குப் பார்த்த அறை, அந்தத் தென்கோடியில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். ஜூலை மாசத்து வெயில் கொஞ்சம்தான் என்றாலும் அந்தக் கொஞ்சமும் அங்கேதான் விழுந்து கிடந்தது. வெள்ளைக் கம்பளம், பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, ஒரு முறையும் தேநீர் ஊற்றாத பீங்கான் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரி. முப்பத்து நாலு வருஷத்தில் அந்த அறைக்குள் மனிதர்கள் உட்கார்ந்தது நாலு முறை. ஒரு முறை பாதிரியார் வந்தார். மற்ற மூன்று முறையும் நடுவில் ஒரு சவப்பெட்டி இருந்தது.

நைரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெயில் வர்ற ரூம், பக்கத்துலயே அடுப்பு. இத வராத விருந்தாளிக்குப் பூட்டி வச்சுட்டு, கட்டின புருஷன ஐஸ் பெட்டியில படுக்க வச்சிருக்க. இதுக்கு அவனக் கறி கூடத்துலயே தொங்க விட்டிருக்கலாம்."

ரோனாவுக்குக் கோபம் வந்தது. அதற்கு மேல் வெட்கம் வந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான், நல்ல அறை விருந்தாளிக்கு, தெற்குப் பக்கத்து இருட்டறை வீட்டுக்காரர்களுக்கு. யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

"இங்க பொணத்தத்தான் வச்சோம் நைரி," என்றாள் மெதுவாக. "உயிரோட இருக்கறவன எப்படிடி கொண்டு வந்து போடறது? எனக்குப் பயமா இருக்கு."

"எங்க ஆளுங்க பொணத்துக்குப் பக்கத்துலயே மூணு நாள் படுத்து, தின்னு, கதை பேசி, பாட்டுப் பாடிட்டு இருப்போம். உன் மாமியாரு ஒரு நாள் இங்க படுத்ததுக்கா பயப்படற? அந்தம்மா உயிரோட இருக்கறப்பதான் பயப்படணும். வா, சோபாவப் பிடி."

சோபாவைப் பிடித்தார்கள். கட்டில் வந்தது. கட்டில் காலடியில் வெள்ளைக் கம்பளம் நசுங்கியபோது ரோனாவின் முகம் கோணியது, ஆனாலும் கட்டிலை விடாமல் தள்ளினாள். நர்ஸுக்குப் போன் போட்டு, அறையை மாற்றலாமா என்று கேட்டாள். "அவர் படுக்கிற ரூம்னுதான் சொன்னேன் மிஸஸ் கெடிஸ், எந்த ரூம்னு சொல்லலையே. கருவிய எடுத்து அங்க ஒட்டுங்க" என்றாள் மாரிவிக். ஒட்டிவிட்டுக் கதவைத் திறந்துவைத்தார்கள். சமையலறைக் கணப்பின் சூடு வெட்கப்படுகிற மாப்பிள்ளை மாதிரி மெல்ல மெல்ல உள்ளே வந்தது. சாயங்காலத்துக்குப் பதினைந்து! ஒரு ஹீட்டரும் ஓடாமல் பதினைந்து! வெயில் போனதும் விறுவிறுவென்று பதிமூன்றுக்கு இறங்கிவிட்டது.

"ஜன்னல்தான் திருடன்," என்றாள் நைரி. "நாளைக்குக் காலையில என்னோட கர்ட்டன் பேங்குக்கு வா."

இன்வர்கார்கிலில் ஒரு பழைய கிடங்கில் நடக்கிற திரைச்சீலை வங்கி அது. ஹோட்டல்களும் வீடுகளும் வேண்டாம் என்று கழற்றிப் போட்ட திரைகளைத் துவைத்து, உள்பக்கம் இன்னொரு துணி வைத்துத் தைத்து, குளிர் வீடுகளுக்குச் சும்மா கொடுப்பார்கள். நைரி வாரத்தில் இரண்டு நாள் அங்கே தையல் மிஷினில் உட்காருகிறவள். ரோனா ஒரு நாளும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

"தானம் வாங்கற அளவுக்கு வந்துட்டனா?" என்றாள் புதன்கிழமை காலையில், காரில் ஏறாமல் நின்றுகொண்டு.

"நீ எனக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆட்டுத் தொடை தந்தியே, அது தானமா?"

"அது வேற."

"என்ன வேற? நான் தின்னேன். இப்ப நீ போத்திக்கோ. ஏறு."

ஏறினாள். கிடங்கில் ஜன்னல் அளவு கேட்டார்கள். ரோனா முந்தின நாளே டேப் பிடித்து அளந்து காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள், நீட்டினாள். நைரி அதை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜன்னல மட்டும் அளந்திருக்கா பாரு! அடியே, குட்டைப் பாவாடை கட்டினா கீழ வழியா குளிர் கொட்டும். ஜன்னல் சட்டத்துக்கு மேலேந்து அளந்து தரையில ஒரு ஜாண் புரளணும். அகலத்துலயும் ரெண்டு பக்கமும் ஒரு ஜாண்."

அந்த நீளத்துக்கு அன்றைக்கு இருந்தது ஒரே ஜோடிதான். ஏரிக்கரையில் தூண்டில்காரர்கள் தங்குகிற விடுதியிலிருந்து வந்தது. பழுப்பு நிறம், மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்த டிரவுட் மீன்கள். நூறு மீனாவது இருக்கும். ரோனா தன் விருந்தாளி அறையையும் பீங்கான் கோப்பைகளையும் நினைத்தாள். மர்டோவின் இருமலையும் நினைத்தாள்.

"மீனே குடுங்க," என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் நடந்த கூத்தை முழுசாகச் சொல்ல ஒரு இரவு போதாது. இரண்டு கிழவிகளும் (அவர்கள் முன்னால் இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள்) ஆளுக்கொரு ஏணியில் ஏறினார்கள். ஜன்னலின் கீழ்க் கண்ணாடிகளில் தண்ணீர் தெளித்துக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். ஒட்டுகிற சாக்கில் நைரி குமிழ்களைப் பட்பட்டென்று வெடித்தாள், ரோனா அவள் கையில் அடித்தாள். திரைக்கு மேல் இடைவெளியில் ஒரு பலகையை ஆணி அடித்து மூடினார்கள். கதவடியில் பழைய காலுறைகளுக்குள் மணல் நிரப்பிப் பாம்பு மாதிரி போட்டார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது அந்த அறையின் பழைய புகைபோக்கி. தீ மூட்டி நாற்பது வருஷம் ஆன ஓட்டை, ஆனால் அதன் வழியாக வானமே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"எத வச்சுடி அடைக்கறது?" என்றாள் ரோனா.

"இந்த ஊர்ல எது இலவசம்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொட்டகையைப் பார்த்தார்கள். விலை போகாத ஆட்டு ரோமம் ஒரு மூட்டை, மர்டோ எதற்கோ கொண்டு வந்து போட்டது, வால் பக்கத்து ரோமம், கழுவாதது. அதைச் சாக்கோடு தூக்கி வந்து புகைபோக்கிக்குள் திணித்து, முழங்காலால் மேலே தள்ளினார்கள். ஆடும் அங்கேயே நிற்கிற மாதிரி நாற்றம் அடித்தது. நைரி ஒரு எச்சரிக்கைக் காகிதம் எழுதி அடுப்பங்கட்டையில் ஒட்டினாள்: இங்கே தீ வைப்பவனை நானே எரிப்பேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு, வெயில் போவதற்குக் கொஞ்சம் முன்னால், திரையை இழுத்து மூடினார்கள். பதினேழு. ஆறு மணிக்குப் பதினேழரை. எட்டு மணிக்குப் பதினெட்டு! ரோனா நைரியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். நைரி எண்பது கிலோ. மர்டோ படுக்கிற பக்கத்தில் மர்டோவுக்குப் பதிலாக ரோனாவே அன்றிரவு படுத்தாள்.

வியாழக்கிழமை ஏழரைக்குக் கண் விழித்தாள். மூக்கு நுனி சில்லென்று இல்லை. அவள் மூக்கு நுனி சில்லென்று இல்லாத ஜூலைக் காலை அவள் ஆயுளில் அதுதான் முதல். எழுந்து போய்ப் பார்த்தாள். பத்தொன்பது. வெளியே மைனஸ் நாலு, புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. உள்ளே பத்தொன்பது! "வர்றான்டா மர்டோ, வீட்டுக்கு வர்றான்டா!" என்று மீன்களைப் பார்த்துக் கத்தினாள். பால்கட்டி வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒரு தட்டு சுட வேண்டும், நர்ஸுக்குக் கொடுக்க வேண்டும், வாசற்படியில் பனிக்கட்டியைச் சுரண்ட வேண்டும். கால் தரையில் நிற்கவில்லை.

எட்டேகாலுக்கு ரோனா ஒரு காரியம் செய்தாள். அவள் தாய் செய்தது, தாயின் தாய் செய்தது, அந்தத் தெருவில் இருக்கிற எல்லாப் பெண்களும் வெயிலோ பனியோ தினமும் காலையில் செய்வது. போதாக்குறைக்கு அறையில் ஆட்டு நாற்றம், வீட்டுக்கு வெளியாள் வேறு வரப்போகிறாள். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. நூறு மீன்களையும் ஒதுக்கித் தள்ளி, காற்றோட்டத்துக்காக இரண்டு ஜன்னல்களையும் மேலே வரை தூக்கித் திறந்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே ரொட்டி சுடப் போனாள்.

எட்டரைக்கு நைரி தெருவைத் தாண்டி வந்தாள். திறந்த ஜன்னல் வழியாக மீன்கள் வெளியே பறந்துகொண்டிருந்தன. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"பைத்தியக்காரி! ஏய் பைத்தியக்காரி! என்னடி பண்ணி வச்சிருக்க!"

ரோனா கையில் வெண்ணெய்க் கத்தியோடு ஓடி வந்தாள். திறந்த ஜன்னலைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். கருவியைப் பார்த்தாள். பன்னிரண்டு.

"ஐயோ நைரி. காத்தாட விட்டுட்டேன். தினம் விடறதுதானே. ஐயோ, நானே என் கையால..."

"ஒப்பாரிய அப்புறம் வச்சுக்கோ. அர மணி நேரம் இருக்கு. விறகு எங்க?"

டமார் டமார் என்று ஜன்னல்கள் விழுந்தன. திரையை இழுத்தார்கள். கணப்பு அடுப்பின் வாய் கொள்கிற மட்டும் விறகைத் திணித்து, கதவை அகலத் திறந்து, ஒரு பெரிய அட்டையால் சூட்டை விசிறி விசிறி உள்ளே தள்ளினாள் நைரி. ரோனா வீட்டில் இருந்த ஏழு வெந்நீர்ப் பைகளையும் நிரப்பிப் படுக்கை முழுக்கப் பரப்பினாள். பதிமூன்று. சுட்டுக்கொண்டிருந்த ரொட்டித் தட்டைச் சுடச்சுடக் கொண்டு வந்து கருவிக்குக் கீழே வைத்தாள். "அது திருட்டுத்தனம்டி" என்று நைரி அதை எடுத்துத் தூரமாக வைத்துவிட்டு, ஒன்றை வாயிலும் போட்டுக்கொண்டாள். பதினாலு. இஸ்திரிப்பெட்டியைப் போட்டு மர்டோவின் போர்வைகளை ரோனா வெறித்தனமாகத் தேய்த்தாள். நைரி அறைக்கு நடுவில் நின்று குதித்தாள், கையைத் தட்டினாள், தொடையில் அறைந்தாள், அவள் அண்ணன்மார் விளையாட்டு மைதானத்தில் ஆட்டத்துக்கு முன்னால் போடுகிற போர்க்கூச்சலைப் போட்டாள். வேர்த்து ஊற்றியது. பதினைந்து. பீங்கான் கோப்பைகள் அலமாரிக்குள் கடகடவென்று ஆடின. பதினைந்தரை. பதினாறு.

வாசலில் கார் நின்றது.

ரோனா இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்தாள். பதினாறு பதினாறாகவே இருந்தது. நைரி மூச்சு வாங்கிக்கொண்டு, "எதுவும் சொல்லாத. கருவி கெட்டுப்போச்சுன்னு சொல்லி நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மாரிவிக் மூன்று ஸ்வெட்டர் மேல் கோட்டும் கழுத்துத் துணியுமாக உள்ளே வந்தாள். வேர்த்து விறுவிறுத்து நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தாள். மீன்களைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சி, "ஆடு எங்க இருக்கு?" என்றாள்.

ரோனாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தொழிற்சாலையில் கத்தியை மழுங்கவிட்டால்கூட மேஸ்திரியிடம் தானே போய்ச் சொல்கிறவள்.

"பதினாறுதான் இருக்கு நர்ஸ். காலையில பத்தொன்பது இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு. எட்டேகாலுக்கு நான்தான் ஜன்னலத் திறந்தேன். காத்தாட. ரெண்டையும். வீடு மேல தப்பு இல்ல. ஹீட்டர நிறுத்தி அவனப் படுக்கையில தள்ளினதும் நான்தான், இன்னைக்கு ஜன்னலத் திறந்ததும் நான்தான். எல்லாம் என்னாலதான்." குரல் உடைந்து போயிற்று. அடுத்தவர்கள் எதிரில் ரோனா கெடிஸ் அழுதது அதுதான் முதல் தடவை.

மாரிவிக் தன் போனை எடுத்துக் கருவிக்குப் பக்கத்தில் பிடித்தாள். போன் திரையில் ஒரு கோடு வந்தது. அவள் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நைரி எட்டிப் பார்த்தாள். கருவி சும்மா எண்ணைக் காட்டுகிறது என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள், ராத்திரி முழுக்க எழுதிக்கொண்டும் இருந்திருக்கிறது.

"எட்டு மணியிலேந்து பதினெட்டு," என்று மாரிவிக் படித்தாள். "நடு ராத்திரி பதினெட்டரை. நாலு மணி, பதினெட்டரை. ஏழரைக்குப் பத்தொன்பது. எட்டேகால்..." விரல் நின்றது. "யம்மா! இது கிணறு மாதிரி இறங்குதே."

"அது நான்," என்றாள் ரோனா.

"அப்புறம் அர மணி நேரத்துல பன்னெண்டுலேந்து பதினாறு. எப்படி ஏத்தினீங்க?"

"அது நான்," என்றாள் நைரி, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

மாரிவிக் போனை மூடினாள். கழுத்துத் துணியை அவிழ்த்தாள். கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள்.

"மிஸஸ் கெடிஸ், நான் மணிலாவுலேந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல ஒரு வீட்டுலயும் நான் கோட்டு கழட்டினதில்ல. என் வீட்டுலயும் சேத்துதான் சொல்றேன். வீடு பாஸ். நீங்கதான் ஃபெயில்."

"அப்படின்னா?"

"அப்படின்னா அவர் சனிக்கிழமை வர்றாரு. ஜன்னல மத்தியானம் வெயில்ல பத்து நிமிஷம் திறக்கலாம். அதுக்கு மேல திறந்தா இந்தக் கோடு எனக்குக் காட்டிக் குடுத்துடும். அப்புறம் அந்த முதியோர் இல்லத்துக்கு உங்களத்தான் அனுப்புவேன்."

நைரி ஒரு கத்தல் கத்தினாள். நாய் மறுபடியும் குரைத்தது. ரோனா நர்ஸையும் நைரியையும் சேர்த்துக் கட்டிப் பிடித்ததில் மாரிவிக்கின் கையில் இருந்த ரொட்டி வெள்ளைக் கம்பளத்தில் விழுந்து அப்பிக்கொண்டது. அதை யாரும் துடைக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் மர்டோவை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். தடியை ஊன்றிக்கொண்டு, கோட்டும் குல்லாயும் கழுத்துத் துணியுமாக நடந்து வந்தவன் வழக்கம்போலத் தெற்குப் பக்கம் திரும்பினான். ரோனா அவன் தோளைப் பிடித்து வடக்குப் பக்கம் திருப்பினாள். விருந்தாளி அறைக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"யாரு செத்துட்டா?" என்றான்.

"யாரும் சாகல. உள்ள போ."

"ஷூவக் கழட்டணுமா?"

"கழட்ட வேண்டாம். போடா உள்ள!"

உள்ளே போனான். மீன்களை ஒரு சுற்று பார்த்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் மூச்சு விட்டுப் பார்த்தான், இருமல் வருகிறதா என்று காத்திருக்கிற மாதிரி. வரவில்லை. குல்லாயை எடுத்தான். கோட்டைக் கழற்றினான். ஒரு ஸ்வெட்டர், அதற்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே ஆஸ்பத்திரியில் கொடுத்த கம்பளிச் சட்டை, அதற்கும் கீழே முழுக்கைப் பனியன். ஒவ்வொன்றாகத் தலை வழியாக உருவி மடியில் போட்டான். கடைசியில் கையில்லாத வெள்ளை உள்பனியனோடு உட்கார்ந்திருந்தான். வேலிக் கம்பி கிழித்த பழைய தழும்புகளோடு இரண்டு கைகளும் வெளியே தெரிந்தன. இளைத்துப்போன கைகள். ஆனால் மயிர் சிலிர்க்கவில்லை, தோல் நீலம் பூக்கவில்லை.

ரோனா எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணம் ஆகி முப்பத்து நாலு வருஷத்தில், ஜூலை மாசத்தில், அந்த வீட்டுக்குள் அவன் தோளை அவள் பார்த்ததே இல்லை. முப்பத்து நாலு குளிர்காலம் அவன் "சேச்சே" என்று சொன்னதெல்லாம் அந்த ஸ்வெட்டர்களோடு கட்டிலில் குவிந்து கிடந்தது.

"என்ன அப்படிப் பாக்கற?" என்றான் மர்டோ. "தின்னவே மாட்டேங்கறான்னு நர்ஸ் போட்டுக் குடுத்துட்டாளா?"

"ஒண்ணுமில்ல," என்றாள் ரோனா. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் வெறுங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கதகதப்பாக இருந்தது.